ஷ்ரோடர் கோச்சின் வாசலில் கொட்டியது

தரையில் எச்சில் துப்புகிறவர்களைக் கண்டால் ஆர்லன் ஷ்ரோடருக்கு ஆகாது. பேஸ்பால் பயிற்சியாளருக்கு இது விநோதமான குணம். மற்ற ஊர்ப் பையன்கள் சூரியகாந்தி விதையை மென்று கண்ட இடத்தில் உமியைத் துப்பும்போது, எங்கள் பெஞ்சில் மட்டும் ஆளுக்கொரு காகிதக் கோப்பை இருக்கும். "இது மைதானம்டா, பன்னித் தொட்டி இல்ல" என்பார்.

அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் எங்கள் கிரேலிங் ஊரின் பள்ளியில் அவர் உயிரியல் ஆசிரியர். கசாப்புக்கடையிலிருந்து பன்றிக்கால் வாங்கிவந்து, மூட்டுப் பகுதியை அறுத்து, உள்ளே இருக்கும் வெள்ளை நாரை இடுக்கியால் தூக்கிக் காட்டுவார். "இவ்வளவுதான். இது அறுந்தா பழையபடி ஒட்டாது." பின்வரிசையில் யாராவது வாந்தியெடுக்க ஓடுவார்கள். அவரே துடைப்பத்தோடு பின்னால் போவார். யாரையும் கேலி செய்ய விடமாட்டார். எங்களுக்கு அவரை அவ்வளவு பிடிக்கும். அதைச் சொல்லிக்கொள்ளும் யோக்கியதை எனக்கு இல்லை. ஏன் என்று சொல்கிறேன்.

1986 ஜூலை. எங்கள் பக்கத்தில் பள்ளி பேஸ்பால் கோடை விடுமுறையில்தான் நடக்கும். அந்த வருஷம் எங்கள் பள்ளி முதன்முறையாக மாநில இறுதிப்போட்டிக்குப் போனது. காரணம் ஒரே ஒருவன், கெல்வின் நீஸ். பதினேழு வயதில் அவன் எறிந்த பந்தை அவனுக்கு எதிரே உட்கார்ந்து பிடிப்பது என் வேலை. உள்ளங்கை வீங்கிப்போகும். ஏழு இன்னிங்ஸில் முடியவேண்டிய வியாழக்கிழமை அரையிறுதி பதினோரு இன்னிங்ஸ் இழுத்தது. கெல்வின் நூற்று நாற்பத்தொரு பந்து எறிந்தான். இறுதிப்போட்டி சனிக்கிழமை.

சனிக்கிழமை காலை கெல்வின் சொன்னான்: "கோச், கை நல்லாத்தான் இருக்கு. நான் எறியறேன்."

கோச் பாக்கெட்டிலிருந்து சீப்பை எடுத்து நீட்டினார். "தலைய வாரு பாப்போம்."

கெல்வின் கையைத் தூக்கினான். தோளுக்கு மேலே போகவில்லை. கழுத்தைச் சாய்த்து, தலையைச் சீப்பிடம் கொண்டுபோனான்.

"தலைதான் கையத் தேடிப் போகுது. போய் உக்காரு."

கெல்வினின் அப்பா டோயில் நீஸ் வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார். தீவன ஆலை அவருடையது. பள்ளி நிர்வாகக் குழுவுக்கும் அவரே தலைவர். "ஆர்லன், விளையாட்டுக் காட்டாத. ஊரே வந்து உக்காந்திருக்கு. என் பையன், நான் சொல்றேன், அவன எறக்கு."

"பையன் உன் பையன்தான் டோயில். ஆனா அவன் கை இன்னிக்கு என் பொறுப்பு."

ஒன்பதுக்கு ஒன்று என்று தோற்றோம். எங்கள் ஊர்ப் பெண்கள், ஞாயிறு பள்ளியில் எங்களுக்கு வேதம் சொல்லிக்கொடுத்தவர்கள், கோச்சைப் பார்த்துக் கத்திய வார்த்தைகளை நான் அதற்கு முன் பன்றிக் கொட்டகையில்தான் கேட்டிருந்தேன்.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு டோயில் எங்கள் பண்ணைக்கு வந்தார். அவரும் என் அப்பாவும் கொஞ்சநேரம் சிரித்துப் பேசினார்கள். பிறகு அப்பா என்னைக் கூப்பிட்டார். "மெர்ல், டிராக்டர எடு."

பின்னால் ஒரு வண்டி நிறையப் பன்றிக்கழிவு. கோடை வெயிலில் வாரக்கணக்கில் ஊறிய சரக்கு. பிறந்ததிலிருந்து பன்றிகளோடு பழகிய எனக்கே கண்ணில் நீர் வந்தது. ஊரின் நடுத்தெரு வழியாக ஓட்டிக்கொண்டு போனேன்; அப்பாவும் டோயிலும் காரில் பின்னால் வந்தார்கள். கடைவாசலில் நின்றவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு கை தட்டினார்கள். யாரும் தடுக்கவில்லை. நானும் சிரித்தேன். எங்கே போகிறோம், எதற்குப் போகிறோம் என்று தெரிந்தேதான் சிரித்தேன்.

ஷ்ரோடர் வீட்டுப் புல்வெளியில் வண்டியைப் பின்பக்கமாக ஏற்றினேன். கொடியில் அவர் மனைவி லவோன் துவைத்துக் காயப்போட்ட படுக்கை விரிப்புகள். கழிவு சரிந்தபோது அவற்றின் மேலெல்லாம் தெறித்தது. அந்தம்மாள் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

கோச் செருப்பில்லாமல் ஓடிவந்தார். நேராக என்னிடம்.

"டேய் மெர்ல், நிறுத்து! இன்னும் ரெண்டடி பின்னால வந்தேன்னா செப்டிக் டேங்க் மூடி உடைஞ்சு டிராக்டரோட உள்ள போயிடுவ. வலப்பக்கம் ஒடிச்சு எடு. மெதுவா."

அவரே கையைக் காட்டிக் காட்டி வண்டியை வெளியே எடுக்கவைத்தார். கணுக்கால்வரை அந்த அசிங்கத்தில் நின்றுகொண்டு. என் அப்பாவையோ டோயிலையோ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அந்த வாரமே நிர்வாகக் குழு கூடி, பயிற்சியாளர் வேலையைப் பிடுங்கி டோயிலின் மைத்துனனுக்குக் கொடுத்தது. மறுகோடையில் அவன் கெல்வினை வாரத்துக்கு மூன்று ஆட்டம் எறிய வைத்தான். ஆறாவது வாரம் கெல்வினின் முழங்கையிலிருந்து ஈரத்துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம். எனக்கே கேட்டது. அவன் மண்ணில் சுருண்டு கிடக்கிறான், அவன் அப்பாவும் மாமாவும் அடுத்து யாரை எறியவிடுவது என்று வாக்குவாதம் செய்கிறார்கள். எதிரணி ஆட்களோடு உட்கார்ந்திருந்த ஷ்ரோடர்தான் வேலியைத் தாண்டிவந்து அவனைத் தன் காரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். ஆமாம், எதிரணிப் பக்கம்தான். எங்கள் பக்கத்தில் அவருக்கு யாரும் நகர்ந்து இடம் கொடுப்பதில்லை.

கெல்வினால் இன்றுவரை வலது கையை முழுதாக நீட்ட முடியாது. தானியக் கிடங்கில் எடைபோடுகிறான். ஷ்ரோடர் அதன்பின் இருபத்திரண்டு வருஷம் உயிரியல் நடத்திவிட்டு ஓய்வு பெற்றார். என் இரண்டு பெண்களும் அவரிடம்தான் படித்தார்கள். தெருவில் பார்த்தால், "மெர்ல், பிள்ளைங்க நல்லா படிக்குதுங்கப்பா" என்பார். மன்னிப்புக் கேட்க எனக்கு ஏறக்குறைய நாற்பது வருஷ அவகாசம் இருந்தது. கேட்கவில்லை. போன மார்ச்சில் எண்பத்துநான்கு வயதில் இறந்துபோனார்.

ஜூனில் மைதானத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள். மைக்கைப் பிடித்தவர் டோயில் நீஸ்.

"ஆர்லன் எனக்குக் கூடப்பிறந்தவன் மாதிரி. கஷ்ட காலத்துல இந்த ஊரே அவன் பின்னாடி நின்னுச்சு."

கூட்டம் கண்ணைத் துடைத்துக்கொண்டது. அன்றைக்குக் கடைவாசலில் கை தட்டிய அதே கைகள்.

என் பக்கத்தில் இருந்த கெல்வின் எழுந்தான். "அப்பா, போதும். உக்காருங்க."

மைக் சரியில்லை என்று சொல்கிறான் என நினைத்து டோயில் இன்னும் சத்தமாகப் பேசினார். கெல்வின் வெளியே போய்விட்டான்.

பேச்சு முடிந்து கேக் வெட்டினார்கள். அதன்மேல் கிரீமில் ஷ்ரோடரின் முகம். ஒரு பெண்மணி அவர் காதைத் தின்றுகொண்டே மழையைப் பற்றிப் பேசினாள். நான் முன்வரிசைக்குப் போய் லவோன் அம்மாள் எதிரே குனிந்தேன்.

"அம்மா, அன்னிக்கு டிராக்டர ஓட்டினது நான்தான்."

"தெரியும். ஜன்னல்ல நின்னுதானே பாத்தேன்." குரலில் கோபம்கூட இல்லை. "நாலு தடவ துவைச்சேன், நாத்தம் போகல. எல்லாத்தையும் எரிச்சேன். என் கல்யாணத்துக்கு எங்கம்மா கொடுத்த விரிப்பு அது."

"என்ன மன்னிச்சிடுங்கம்மா."

"அவர் அன்னிக்கே மன்னிச்சிட்டார். சின்னப் பையன்னு சொன்னார். நான் மன்னிக்கல மெர்ல். இனிமேலும் மாட்டேன். கெல்வின கூப்பிடு, என்ன வீட்ல விடச் சொல்லு."

வெளியே நின்ற கெல்வினைக் கூப்பிட்டேன். வளைந்த கையை அவர் பிடித்துக்கொள்ளக் கொடுத்து, மெல்ல நடத்திக் கூட்டிப்போனான்.

டோயில் கேக் தட்டோடு என்னிடம் வந்தார். "எப்படிப் பேசினேன்?"

"பன்னிப்பீய விட்டுட்டீங்களே."

அவர் நெற்றியைச் சுருக்கி யோசித்தார். உண்மையாகவே யோசித்தார்.

"எந்தப் பன்னிப்பீ?"