அந்த அம்மா விழுங்கிய ‘ட்’

எனக்கு ஆங்கிலம் சொல்லித்தந்த மிஷன் பள்ளி டீச்சருக்கு, சொல்லின் கடைசி எழுத்தை விழுங்குகிறவர்களைக் கண்டாலே ஆகாது. முடியாது என்று சொல்கிற ‘கான்ட்’ என்றால் அந்த ‘ட்’ கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்கவேண்டும். ழகரத்தையே தேய்க்காமல் பேசுகிற ஊர்க்காரர்களுக்கு அது பெரிய வேலையில்லை. அமெரிக்காவில் அதைக் ‘கேன்ட்’ என்பார்கள், அதிலும் ‘ட்’டை முழுங்கிவிட்டு வெறும் ‘கேன்’ மாதிரி சொல்வார்கள் என்று அன்று யாரும் எச்சரிக்கவில்லை.

நாகர்கோவிலில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்சாகச் சேர்ந்த அன்றே என் அசல் சர்டிபிகேட்டுகளை வாங்கிப் பூட்டிவிட்டார்கள். இத்தனை வருஷம் இங்கேயே வேலை பார்ப்பேன் என்று எழுதிக்கொடுத்த பாண்ட் முடிந்தால்தான் கைக்கு வரும். அதுவரை வார்டு, ஹாஸ்டல், மறுபடியும் வார்டு. குலசேகரத்தில் இருக்கிற வீட்டுக்குப் போகவே மேட்ரனின் முகத்தைப் பார்த்து நிற்கவேண்டும். ஜன்னல் வழியாகப் பஸ் போவதைப் பார்த்தால்கூட எனக்கு எரிச்சல் வரும்.

போன வருஷம் அமெரிக்காவில் ஒரு முதியோர் இல்லத்துக்காக வீடியோவில் நேர்காணல் வைத்தார்கள். பேசிய அம்மா தங்கமானவர். முடிவில் உள்ளதைச் சொன்னேன்: சர்டிபிகேட் ஈஸ்டர் கழிந்துதான் கிடைக்கும், அதுவரை பொறுப்பீர்களா? அவர் மளமளவென்று என்னவோ சொன்னார். நெட் விட்டுவிட்டு வந்தது. கடைசியில் சிரித்துக்கொண்டே சொன்னது மட்டும் காதில் விழுந்தது: ‘வீ கேன் வெயிட்.’

காத்திருக்க முடியும் என்கிறாரா, முடியாது என்கிறாரா? நம் பாஷையில் முடியும், முடியாது இரண்டும் காது மந்தமானவருக்கும் தெரியும். அவர்களுக்கு ஒரே ஒரு ‘ட்’டில்தான் எல்லாம் இருக்கிறது, அதையும் விழுங்கினால் மனுஷி என்ன செய்ய? திரும்பக் கேட்கவும் வழியில்லை. ஆங்கிலம் கேட்டால் புரிகிறதா என்று பார்க்கத்தானே அந்த நேர்காணலே. ‘தேங்க் யூ’ என்று தலையாட்டிவிட்டேன்.

பேசியதைப் போனில் பதிவு செய்திருந்தேன். நானும் என் அறையிலிருக்கிற நர்சும் ஆளுக்கொரு காதில் இயர்போனைச் செருகிக்கொண்டு உட்கார்ந்தோம்.

“அவ சிரிச்சிட்டுல்லா சொன்னா. காத்திருப்பா மக்கா” என்றேன்.

“அவளுவ இல்லைன்னு சொல்லதும் சிரிச்சிட்டுத்தான். இன்னொரு மட்டம் போடு.”

வேகத்தைக் குறைத்துப் போட்டோம். ‘கேன்’ முடிகிற இடத்தில் அந்த அம்மாவின் தொண்டை ஒரு நொடி அடைத்துத் திறந்தது.

“கேட்டியா? அங்ஙன ஒரு ட் கெடக்கு மக்கா” என்றாள் அவள்.

கிடந்தது. அதைக் கண்டுபிடித்துவிட்டோமே என்று முதலில் பெருமைகூட வந்தது. அப்படியானால் காத்திருக்க முடியாது என்றல்லவா சொல்லியிருக்கிறார் என்று உறைத்த பிறகுதான் அழுகை வந்தது. அவர்கள் வேண்டாம் என்று எழுதுவதற்கு முன்னால், என்னால் வர இயலவில்லை என்று நானே மெயில் அனுப்பினேன். மானமாவது மிஞ்சட்டும் என்று நினைத்தேன். மிகவும் வருந்துகிறோம், நன்றாக இருங்கள் என்று பதில் வந்தது. ஈஸ்டர் கழிந்ததும், போக வேறு இடமில்லாததால், புது பாண்டில் கையெழுத்துப் போட்டேன்.

இந்த டிசம்பரில் என் வார்டில் கால் முறிந்து கிடந்த ஓர் அம்மாவைப் பார்க்க, அமெரிக்காவில் வளர்ந்த அவருடைய அண்ணன் மகள் வந்திருந்தாள். நான் அந்த அம்மாவுக்கு பிரஷர் பார்த்துக்கொண்டிருந்தபோது அவள் போனில் குதித்துக் குதித்துச் சொன்னாள்: ‘மாம், ஐ கேன் வெயிட்!’ அந்தத் தொண்டையும் அதே இடத்தில் அடைத்துத் திறந்தது.

“எதுக்கு மக்கா காத்திருக்க முடியாதுன்னு சொல்லுதே? அம்மா வரல்லியா?” என்று கேட்டேன்.

அவள் சிரித்தாள். “நாளைக்கு வர்றாங்க சிஸ்டர். அப்படிச் சொன்னா, எப்ப வருவீங்கன்னு ரொம்ப ஆசையா இருக்குன்னு அர்த்தம்.”

அப்படியானால் நேர்காணலில் அந்த அமெரிக்க அம்மா என்னை வா என்றுதான் சிரித்திருக்கிறார். புது பாண்ட் முடிய இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது. வார்டில் நின்று கத்தவும் முடியாது. என் கை அதுபாட்டுக்குப் பிரஷர் பம்பை அமுக்கிக்கொண்டே இருந்திருக்கிறது.

“காத்த எறக்கு மக்கா” என்றார் அந்த அம்மா. “கை கடுக்கு.”