மெர்சி சொல்லாமல் விட்ட வரி

கோலாலம்பூரிலிருந்து மலாக்காவுக்குப் பேருந்தில் இரண்டு மணி நேரம். டிக்கெட் பதினைந்து ரிங்கிட். நண்பகலில் மலாக்கா சென்ட்ரலில் இறங்கியதும், கட்டம்போட்ட சட்டைக்காரர் ஒருவர் வந்து என் பெட்டியை வாங்கிக்கொண்டார்.

"மெர்சி அண்ணிதான் அனுப்புனாங்க அண்ணே. நான் முனியாண்டி, பக்கத்து வீடு."

பெட்டியைத் திரும்பப் பிடுங்கிக்கொள்ளத் தோன்றியது. என் தங்கை மெர்சி பாளையங்கோட்டையிலிருந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவள். அவள் கணவர் ஜெயராஜ் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் மண்டோர், வேலையாட்களை மேற்பார்வையிடுகிறவர். இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு மழை நாளில், குலை ஏற்றிய லாரியைப் பின்பக்கம் பார்க்காமல் எடுத்து, அவருடைய வலது காலை நசுக்கியவர் இந்த முனியாண்டி. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். தங்கை குடும்பத்தை ஊருக்கே அழைத்துப் போய்விடுவது என்ற முடிவோடுதான் நான் விமானம் ஏறியிருந்தேன்.

அலோர் காஜா தாண்டி, தங்கை வீடு இருக்கும் சிம்பாங் அம்பாட் வரை காரில் முப்பது கிலோமீட்டருக்கு மேல். வழியெல்லாம் செம்பனை, மட்டைகள் இருபுறமிருந்தும் சாய்ந்து சாலையைப் பச்சை இருட்டாக்கியிருந்தன. நான் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் ஒரே ஒருமுறை, ஏசியைக் காட்டி, "ஏர்கோன் கொறைக்கவா அண்ணே?" என்று கேட்டார்.

தோட்டத்து வீடுகள் இரண்டிரண்டாக ஒட்டியவை. நடுவே ஒரே பலகைச் சுவர். ஜெயராஜ் செயற்கைக் காலை ஊன்றி வாசலுக்கு வந்து என்னைக் கட்டிக்கொண்டார். திரும்பிப் போகப் பார்த்த முனியாண்டியை விடவில்லை. "எங்க ஓடுற? சாப்பிட்டுப் போ லா!" என்றார், மலேசிய வழக்கில் 'லா' சேர்த்து. எனக்கு எதிரே அவரும் உட்கார்ந்து சாப்பிட்டார். நான் பாதியிலேயே எழுந்து கை கழுவினேன்.

மறுநாள் காலை மீன் வாங்க மெர்சி என்னைக் காரில் ஏற்றிக்கொண்டு, மஸ்ஜித் தானா வழியாகக் கோலா சுங்கை பாருவுக்குப் போனாள். வலைப் படகுகள் கரைக்கு வந்துகொண்டிருந்தன. கடல் தகடுபோல அசையாமல் கிடந்தது. அடக்கி வைத்திருந்ததை அங்கே கேட்டுவிட்டேன்.

"அந்த ஆளை எப்படி வீட்டுக்குள்ள விடுற?"

எனக்குத் தெரிந்த மெர்சி, ஒரு ரிப்பன் தகராறுக்காகக் கூடப் படித்தவளோடு வருடக்கணக்கில் பேசாமல் இருந்தவள்.

"மொதல்ல நானும் விடல அண்ணே. ராவும் பகலும் சுவருக்கு அந்தப் பக்கம் அந்த மனுசன் அழுவாரு. நல்லா அழட்டும்னு இருப்பேன். சாயங்காலம் குடும்ப ஜெபத்துல, நமக்குத் தப்பு செஞ்சவங்களை மன்னிக்கிறதைப் பத்தின வரி வரும்ல? அது வந்தா வாயை மூடிக்குவேன். இவரும் பிள்ளை ரெபேக்காவும் சொல்லுவாங்க. நான் மட்டும் சொல்ல மாட்டேன்."

மீன் பையைக் கை மாற்றிக்கொண்டாள்.

"ஒருநாள் ரெபேக்கா பொம்மையெல்லாம் வரிசையா உக்கார வச்சு, ஜெபம் சொல்லிக் குடுத்துட்டு இருந்தா. நான் அடுப்படியில இருந்து கேக்குறேன். அந்த வரியை விட்டுட்டு அடுத்ததுக்குப் போயிட்டா. ஏன்டி விட்டேன்னு கேட்டேன். 'அது அம்மாங்க சொல்ற வரி இல்லியே. நான்தான இதுங்களுக்கு அம்மா'ன்னா."

படகுகள் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"யாரையும் வெறுக்கச் சொல்லி நான் ஒரு வார்த்தை சொல்லிக் குடுக்கலண்ணே. சும்மா இருந்தேன். அதையே படிச்சிக்கிட்டா."

"அப்புறம்?"

"அன்னைக்கே அந்த வரியைச் சொல்லிப் பாத்தேன். பொய்யா இருந்திச்சு. அதனால மறுநாள் கஞ்சி வச்சு எடுத்துட்டுப் போய் அவங்க கதவைத் தட்டினேன். வேலைக்கும் போகாம, சாப்பிடாம, எலும்பா கெடந்தாரு. வச்சிட்டுப் பேசாம வந்துட்டேன். அடுத்த நாளும் போனேன். கோவம் என்னைக்குப் போச்சுன்னு கேட்டா எனக்கே தெரியாதுலா."

என் தங்கையை முதல்முறை பார்ப்பதுபோல் பார்த்தேன். நான் சின்ன வயதிலிருந்து கேட்ட பிரசங்கங்கள் எத்தனையோ. மனுஷி ஒருத்தி இப்படி மாற முடியும் என்று அவற்றில் எதுவும் என்னை நம்ப வைத்ததில்லை. அந்தக் கரையில் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்க வேண்டும்போல் இருந்தது.

அன்று மாலை குடும்ப ஜெபத்துக்கு உட்கார்ந்தோம். சுவருக்கு அப்பால் ஓடிக்கொண்டிருந்த டிவியின் சத்தம் குறைந்தது. யாரும் சொல்லாமலே முனியாண்டி தினமும் குறைத்துவிடுவாராம். அந்த வரி வந்தது. மெர்சி சொன்னாள், ஜெயராஜ் சொன்னார். நான் அந்த வரியில் நின்றுவிட்டேன். கண்ணைத் திறந்தேன். ரெபேக்காவும் திறந்திருந்தாள். அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திக்கித் திணறிச் சொல்லி முடித்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

ஊருக்கு வருகிறாயா என்று மெர்சியிடம் நான் கேட்கவேயில்லை. புறப்படும்போது முனியாண்டியின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு ஜெபம் இதைவிட நீளம், பாட்டும் உண்டு. எந்த வரியையும் விட மாட்டோம். அப்பாவின் குரல் தெருமுனை வரை கேட்கும். தெருமுனையில்தான் சித்தப்பா வீடு. இரு வீட்டுக்கும் பேச்சு நின்ற காரணம்கூட எங்கள் பிள்ளைகளுக்குத் தெரியாது. ஆனால் அந்த வாசலைக் கடக்கும்போது தலையைத் திருப்பிக்கொள்ள அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

ஊர் வந்து சேர்ந்த அன்று ஆட்டோவைத் தெருமுனையிலேயே நிறுத்தச் சொன்னேன். சித்தப்பா கதவைத் திறந்து, என்னையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மலாக்காவுல இருந்து வாரேன் சித்தப்பா," என்றேன். "மெர்சி நல்லா இருக்கா."