பனியனில் பித்தளைக் களிம்பு

வேதாகமத்தின் கடைசிப் புத்தகத்தில் வரும் மிருகங்களை எல்லாம் ஒரு பெரிய காடாத் துணியில் வரைந்து வைத்திருந்தார் அந்தப் பெரியவர். பெரம்பூர் ரயில் தொழிற்சாலையில் முப்பது வருஷம் பெட்டிகளுக்கு வர்ணம் அடித்தவர், அதனால் கை சுத்தம். ஏழு தலைக்கும் ஏழு விதமான பல். வியாழக்கிழமை சாயங்காலம் கல்மண்டபத்துப் பக்கம் இருந்த எங்கள் ஜெபவீட்டில் அந்தத் துணியை ஆணியில் மாட்டி, ஒரு பிரம்பால் தொட்டுத் தொட்டு அர்த்தம் சொல்லுவார். சபையில் அவர் சொன்னால் சொன்னதுதான். சபைப் பாதிரி ஐயர்கூட அவருக்கு நாற்காலி இழுத்துப் போடுவார்.

எனக்கு மட்டும் அவர் பேச்சில் ஆரம்பத்திலிருந்தே நம்பிக்கை இல்லை. காரணம் இருக்கிறது. சண்டைக் காலத்தில், இரும்பு மார்க்கவசம் போட்ட வெட்டுக்கிளி என்றால் ஜப்பான்காரனுடைய விமானம் என்றார். நாங்களும் பயந்துபோய்க் கிடைத்த ரயிலில் ஏறி ஊரைவிட்டு ஓடினோம், சில மாதம் கழித்துத் திரும்பி வந்தோம். சண்டை முடிந்தது. இனி வெட்டுக்கிளியை என்ன செய்வார் என்று பார்த்தேன். ஒன்றும் செய்யவில்லை. பிரம்பு கொஞ்சம் தள்ளி நகர்ந்தது, அவ்வளவுதான். இப்போது கடலிலிருந்து எழும்பும் மிருகம் என்றால் துறைமுகம், அதன் பத்துக் கொம்பு என்றால் கிரேன்கள். நான் போய் எண்ணிப் பார்த்தேன். பத்துக்கு மேலேயே இருந்தன. கேட்டதற்கு, "சிலது கொம்பு இல்லம்மா, கொம்போட நிழலு" என்றார். படம் அதேதான், அர்த்தம்தான் மாறிக்கொண்டே இருந்தது. விலையை அடிக்கடி மாற்றிச் சொல்கிற ஆளிடம் நான் கீரைகூட வாங்க மாட்டேன்.

என் வீட்டுக்காரர் அந்தத் துறைமுகத்தில்தான் மூட்டை தூக்கினார். விடியும்போது கேட்டுக்கு வெளியே நூறு பேர் நிற்பார்கள். மேஸ்திரி வந்து விரலை நீட்டி, நீ, நீ, நீ என்பான். அந்த விரல் நம் பக்கம் வராத நாளில் திரும்பி வர வேண்டியதுதான். சுதந்திரம் வந்து சில வருஷம் ஆனபின் ஒரு புது ஏற்பாடு சொன்னார்கள். ஆட்களுடைய பேரைப் பதிந்து, நம்பர் அடித்த பித்தளைப் பில்லை கொடுப்பார்களாம். பில்லை இருக்கிறவனுக்கு முறை வைத்து வேலை. யாருடைய விரலையும் பார்க்க வேண்டாம். சனிக்கிழமை மத்தியானம் பட்டியலை மூடிவிடுவார்கள் என்றும் சொன்னார்கள்.

அதற்கு முந்தின வாரம் பெரியவர் பிரம்பைத் துணியின் கீழ் மூலையில் வைத்தார். கையில் மிருகத்தின் முத்திரை வாங்கியவனைத் தவிர யாரும் வாங்கவும் விற்கவும் முடியாத காலம் வரும் என்று எழுதியிருக்கிற இடம் அது.

"கேட்டாண்ட இனிமே கையில எத்த நீட்டுவ? பில்லைய. பில்லை இல்லாங்காட்டி வேல இல்ல. வேல இல்லாங்காட்டி அரிசி இல்ல. வேதத்துல சொன்னது வேற இன்னாப்பா?"

பிறகு தன் சாட்சியைச் சொன்னார். மாதம் ஒரு முறையாவது சொல்லுவார். தொழிற்சாலையில் தமக்கும் அப்படி ஒரு பில்லை இருந்ததாம். வேலையை விட்ட அன்றைக்கே காசிமேட்டுக்குப் போய் அதைக் கடலில் வீசினாராம். வீசின கை இறகு மாதிரி லேசாகிவிட்டதாம். எல்லோரும் அல்லேலூயா சொன்னார்கள். என் வீட்டுக்காரர் எல்லோரையும்விடச் சத்தமாகச் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் சொல்லிவிட்டார். "நா பேரு குடுக்கலமே."

"இன்னாத்துக்கு?"

"ஆத்துமாவ வித்துட்டு எனக்கு வேல வேணாம்."

"ஆத்துமாவ இன்னைக்கு வரிக்கும் மேஸ்திரியாண்ட அடமானம் வச்சிகினு கீறியே, அது பரவால்லியா?"

குப்புறப் படுத்துக்கொண்டார். பதிலுக்குப் பதில் பேசுகிற புருஷனைச் சமாளிக்கலாம், குப்புறப் படுக்கிறவரை ஒன்றும் செய்ய முடியாது.

எனக்கு எழுத்து அவ்வளவாக ஓடாது. ஞாயிறு பள்ளியில் கற்றதுதான். உலை கொதிக்கிற நேரத்தில் நான்கு வரி படித்தால் அதிகம். ஆனாலும் அந்த வாரம் முழுக்க விரலை வைத்து அந்தக் கடைசிப் புத்தகத்தைப் படித்தேன். அந்த முத்திரைக்குப் பல பக்கம் முன்னாலேயே, தேவனுடைய ஊழியக்காரர்களுக்கும் நெற்றியில் ஒரு முத்திரை போடுகிறார்கள் என்று இருந்தது. மறு வியாழன் எழுந்து கேட்டேன். பெண்பிள்ளை எழுந்து நிற்பது அங்கே வழக்கம் இல்லை, நின்றேன்.

"அது ஆவிக்குரிய முத்திரைம்மா. கண்ணுக்குத் தெரியாது" என்றார்.

"நெத்தியில போடறது கண்ணுக்குத் தெரியாது. கையில போடறது மட்டும் எப்புடிங்க ஐயா பித்தளையாச்சு?"

யாரோ சிரித்தார்கள். என் வீட்டுக்காரர் என் சேலையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். பெரியவர் கோபப்படவில்லை. சட்டைக்கு மேலே நெஞ்சைத் தடவிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார். மேஸ்திரியிடம் காசுக்குக் கை நீட்டியிருக்கிறார், அதுதான் இந்தத் தடுமாற்றம் என்று நினைத்தேன். எல்லோருக்கும் பில்லை வந்துவிட்டால் விரலை நீட்டுகிறவனுக்குத்தானே நஷ்டம்? என்னிடம் அத்தாட்சி ஒன்றும் கிடையாது. இருந்தாலும் நினைத்தேன்.

அவருக்குப் பெண்சாதி இல்லை, பிள்ளை இல்லை. கொஞ்ச நாளாகச் சபைப் பெண்கள் முறை வைத்து அவர் துணிகளை வெளுத்துக் கொடுப்போம், ஞாயிறு ஆராதனைக்கு வெள்ளையாக வர வேண்டுமே. அந்த வெள்ளிக்கிழமை முதல் தடவையாக என் முறை. மூட்டையைப் பிரித்து ஒவ்வொன்றாக உதறும்போது பனியனின் உட்பக்கம், நெஞ்சுக் குழி இருக்கிற இடத்தில், வட்டமாக ஒரு பச்சைக் கறை. மற்றப் பெண்கள் வேர்வைக் கறை என்று சவுக்காரத்தைப் போட்டு அடித்துத் தேய்த்திருப்பார்கள். என் அம்மா பத்து வீட்டு அண்டா தேய்த்தவள். கூடவே போய்க் கை தேய்ந்தவள் நான். எனக்குத் தெரியாதா? பித்தளையும் வேர்வையும் சேர்ந்தால் வருகிற களிம்பு அது.

சனிக்கிழமை காலையில் துணியை மடித்து எடுத்துக்கொண்டு அவருடைய ஒற்றை அறைக்குப் போனேன். அந்தப் பனியனை நான் வெளுக்கவில்லை. என் கையிலிருந்து கறையோடு போன துணி என் ஆயுசில் அது ஒன்றுதான். கறை தெரிகிற மாதிரி எல்லாவற்றுக்கும் மேலே வைத்து நீட்டினேன்.

"இன்னாம்மா, இது மட்டும் போவலியா?"

"போக்கலிங்க. வேணும்னுதான் வுட்டேன். கடல்ல போட்டது உங்க பனியன்ல எப்புடிங்க ஐயா வந்திச்சி?"

அவர் உட்கார்ந்துவிட்டார். நான் விடவில்லை. "மேஸ்திரி எவ்ளோ குடுத்தான்?"

"மேஸ்திரியா? அவன் மூஞ்சிகூட எனக்குத் தெரியாதும்மா."

அந்த முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது, அந்த இடத்தில் நான் நினைத்தது தப்பு. அவர் சட்டைக்குள்ளிருந்து ஒரு கறுப்புக் கயிற்றை இழுத்தார். நுனியில் பில்லை. விளிம்பு தேய்ந்து நம்பர் பாதி மழுங்கியிருந்தது.

"முப்பது வருசம் என்னிய யாரும் பேர் சொல்லிக் கூப்டல. இந்த நம்பர்தான். வேலைய வுட்ட அன்னிக்கு திருப்பிக் குடுக்கணும். தொலைஞ்சிபோச்சின்னு சொல்லிட்டேன். காசிமேட்டுக்குப் போயி கையத் தூக்கினது நெசம். வெரலு பிரியல. அன்னிலேர்ந்து அந்தப் பக்கத்தைப் படிச்சா, என்னியப் பாத்துத்தான் எழுதினா மாதிரி கீது. நாந்தான் மாட்டிகினேன். மத்தவனாச்சும் தப்பட்டுமேன்னு…"

அழுகிற ஆளைக் கண்டால் எனக்கு இன்னும் சந்தேகம் வரும். அவர் அழவில்லை. சட்டைப் பித்தானை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தார்.

"இத்தக் காட்டித்தானே முப்பது வருசம் சோறு துன்னீங்க? அதுல ஒரு நாளாச்சும் வேற யாரையாச்சும் கும்புட்டீங்களா?"

"கர்த்தரைத் தவிர யாரையும் கும்புட்டதில்லம்மா."

"மிருகத்தக் கும்புடறவனுக்குத்தான் அந்த முத்திரைன்னு எழுதிகீது. நானே எழுத்துக்கூட்டிப் படிச்சேன். எழுந்துருங்க. இத்த எங்க வூட்டுக்காரராண்ட வந்து சொல்லுங்க. மத்தியானத்துக்குள்ள சொல்லணும். சபையில நா வாயத் தொறக்க மாட்டேன்."

வந்தார். என் வீட்டுக்காரர் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். பெரியவர் வாசலிலேயே நின்று கயிற்றைத் தூக்கிக் காட்டினார்.

"இன்னா ஐயா இது? கடல்ல போட்டன்னீங்களே?"

"போடல நைனா."

என் வீட்டுக்காரர் பில்லையைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நாங்கூட மீனு கீனு வாயில கவ்விகினு வந்து குடுத்துச்சோன்னு பாத்தேன்" என்றார். பெரியவர் சிரித்துவிட்டார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"போயி பேரைக் குடு நைனா. நா சொன்னது என் பயம். வேதம் இல்ல."

கஞ்சியை அப்படியே வைத்துவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு ஓடினார். பட்டியலின் கடைசியில் எழுதினார்களாம், ஆனால் எழுதினார்கள்.

அதற்கப்புறமும் வியாழக்கிழமைகளில் அந்தத் துணி ஆணியில் தொங்கியது. பிரம்பு மட்டும் கீழ் மூலைப் பக்கம் போகவே இல்லை. கடலில் வீசின சாட்சியும் நின்றுபோனது. ஏன் என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. என் முறை வரும்போதெல்லாம் அந்தப் பச்சை வட்டத்தில் எலுமிச்சம்பழம் தேய்த்து வெள்ளையாக்கித்தான் கொடுத்தேன்.

ஒன்றை மறைக்கக் கூடாது. சில நாள் கழித்து என் வீட்டுக்காரர் புதுப் பில்லையைக் கொண்டுவந்து என் உள்ளங்கையில் வைத்தார். ஊரையே கேள்வி கேட்டவள் நான். ஆனாலும் முதல் வேலையாக அதை வாசல் வெளிச்சத்துக்கு எடுத்துக்கொண்டு போய் ஒவ்வொரு எண்ணாகப் படித்தேன். அந்தப் புத்தகத்தில் மிருகத்துக்குச் சொன்ன அறுநூற்று அறுபத்தாறு இல்லை. ஒரே ஒரு ஆறு இருந்தது. பிறகு தலைகீழாகத் திருப்பி இன்னொரு தடவை படித்தேன்.

"இன்னாமே அப்புடி பாக்குற?" என்றார் உள்ளேயிருந்து.

"அழுக்கு கீதான்னு பாக்கறேன்" என்று சொல்லிவிட்டு, நேற்றுத்தான் அடித்த புதுப் பித்தளையைப் புளி போட்டுத் தேய்க்க உட்கார்ந்தேன்.