போர்வைக்கு மேல் எண்ணிய மூச்சு

என் சித்தி ஒலிம்பியா முப்பத்தொரு வருடமாக எங்கள் ஊர் சுகாதார நிலையத்தில் ஃபெல்ட்ஷர். டாக்டருக்கும் நர்ஸுக்கும் நடுவில் நிற்கிற வேலை அது. நிஜ டாக்டர் திங்கட்கிழமைகளில் மாவட்டத் தலைநகரிலிருந்து வருவார், அதுவும் சாலையில் பனி இல்லாவிட்டால். மற்ற நாட்களில் மால்டோவாவின் இந்த மூலையில் இருமலோ பிரசவமோ எது வந்தாலும் சித்திதான். ஊரில் எல்லோரும் அவளை டாக்டரம்மா என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

ரத்தத்துக்குப் பயப்பட மாட்டாள். டிராக்டரில் நசுங்கிய ஒருவனின் கையைத் தன் தலைத்துணியால் கட்டிவிட்டு, அதே கையோடு வீட்டுக்கு வந்து பன்றிக்குத் தீனி கலக்கியவள். அவள் பயந்தது குறுக்குக் காற்றுக்கு மட்டும்தான். எதிரெதிரே இரண்டு ஜன்னல்கள் திறந்திருந்தால் எழுந்து போய் ஒன்றைச் சாத்துவாள். மே மாதத்திலும் காதில் பஞ்சு வைத்திருப்பாள். ஊரே அப்படித்தான், குறுக்குக் காற்று பட்டால் நோய் வரும் என்று நம்புகிறது. கொதிக்கிற வெயிலில்கூட பஸ்ஸில் ஜன்னலைத் திறப்பவனை யாரும் சும்மா விடமாட்டார்கள். ஒன்பது வருடம் கப்பல்களிலும் வெளியூர்களிலும் வேலை பார்த்துவிட்டு நான் திரும்பி வந்த முதல் இரவு ஜன்னலைத் திறந்து வைத்துத் தூங்கினேன். சித்தி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

ஜனவரியில் அவளுக்கு ஒரு பயிற்சி வந்தது. கைக்குழந்தைகளின் மூச்சு நோயைக் கண்டுபிடித்துக் கவனிப்பது பற்றி இணையத்தில் ஐந்து வகுப்புகள், கடைசியில் ஒரு தேர்வு. கம்ப்யூட்டரை இணைத்துக் கொடுக்க என்னைக் கூப்பிட்டாள்.

"பக்கத்துலயே உக்காரு. நடுவுல இது செத்துப்போச்சுன்னா யாரு எழுப்புறது?"

"கம்ப்யூட்டர் சாகாது சித்தி."

"எல்லாம் சாகும்டி. நான் பாக்காததா?"

மூன்றாவது வகுப்பு ஒரு வியாழக்கிழமை மதியம் நடந்தது. தலைநகரின் குழந்தைகள் மருத்துவமனையிலிருந்து டாக்டர் ருக்சாந்தா பாடம் எடுத்தார். திரையில் இருபது கட்டங்கள், பாதிக்கு மேல் கறுப்பு. சித்தி மேஜைக்கு அடியில் வால்நட் உடைத்துக்கொண்டிருந்தாள்.

"யாரோ வெங்காயம் வதக்குறீங்க," என்றார் டாக்டர். "வதக்குங்க, பரவாயில்ல. மைக்கை மட்டும் அணைச்சிருங்க."

சித்தி சிரித்தாள். பிறகு திரையில் ஒரு படம் ஓடியது. சட்டையில்லாத சின்னக் குழந்தை ஒன்று. ஒவ்வொரு மூச்சுக்கும் அதன் விலா எலும்புகளுக்குக் கீழே தோல் குழி விழுந்தது.

"இடுப்பு வரைக்கும் துணியைக் கழட்டிட்டு எண்ணுங்க," என்றார் டாக்டர். "போர்வை மேல கைய வெச்சு எண்ணாதீங்க. கால் நிமிஷம் எண்ணி நாலால பெருக்காதீங்க. இவ்வளவு சின்னக் குழந்தை ஒரே சீரா மூச்சு விடாது. வேகமா விடும், நிறுத்தும், மறுபடி விடும். நீங்க எண்ணின கால் நிமிஷத்துல அது நிறுத்தியிருக்கலாம்."

மேஜைக்கு அடியில் வால்நட் உடைகிற சத்தம் நின்றது.

"செவ்வாய்க்கிழமை," என்றாள் சித்தி.

"செவ்வாய்க்கிழமை என்ன?"

"கொர்னேலியா புள்ளைக்குச் சளின்னு போனேன்ல. பன்னெண்டு எண்ணினேன். நாலால பெருக்குனா நாப்பத்தெட்டு. நல்லா இருக்கான்னு எழுதி வெச்சுட்டு வந்தேன்."

"போர்வை மேலயா?"

"மூணு போர்வை."

அவள் முகம் மாவு பூசியது போலானது. பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். காதுப் பஞ்சு மேஜையிலேயே கிடந்தது. டாக்டர் பேசிக்கொண்டே இருந்தார்.

கொர்னேலியாவின் வீடு நான்கு தெரு தள்ளி, கிணற்றுக்கு அப்பால். சேறு உறைந்து கல்லாகியிருந்தது. "ஓடாதே, ஊரு என்னன்னு கேக்கும்," என்றாள் சித்தி. கிணற்றைத் தாண்டியதும் அவளே ஓடினாள்.

கதவை ஒரு சாண் மட்டும் திறந்தது கொர்னேலியாவின் மாமியார் அக்லாயா. "வாங்க டாக்டரம்மா, சீக்கிரம் சாத்துங்க, காத்து வருது." உள்ளே அடுப்பு எரிந்து சுவரே சுட்டது. கொர்னேலியாவுக்கு இருபத்திரண்டு வயது. கணவன் ஜெர்மனியில் இறைச்சி ஆலையில் இருந்தான். கட்டில் ஓரத்தில் அவள் மடியில் ஒரு துணிமூட்டை இருந்தது. அதற்குள் முப்பத்து மூன்று நாள் குழந்தை யூஸ்தின்.

"இப்பத்தான் சமர்த்தா இருக்கான்," என்றாள் அக்லாயா. "ரெண்டு நாளா அழுகையே இல்ல."

"பால் குடிச்சானா?"

"காலையில நாலு வாய்," என்றாள் கொர்னேலியா. "நேத்தும் அவ்வளவுதான்."

"பிரி."

அக்லாயா குறுக்கே வந்து நின்றாள். "என்னத்தப் பிரிக்கிறது? காத்து அடிச்சிரும். நீங்கதானே செவ்வாய்க்கிழமை நல்லாப் போத்தி வைங்கன்னீங்க?"

"நாந்தான் சொன்னேன். தப்பாச் சொன்னேன்."

சித்தி அப்படி ஒரு வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை. அக்லாயாவும் கேட்டதில்லை போல, நகர்ந்து நின்றாள். கம்பளி, ஃபிளானல், இன்னொரு கம்பளி, சட்டை. கண்ணேறு படாமல் இருக்க மணிக்கட்டில் கட்டிய சிவப்பு நூல். கடைசியில் உரித்த முயல்குட்டி போல அந்த நெஞ்சு. மூக்கு விடைத்து விடைத்து அடங்கியது. விலாவுக்குக் கீழே குழி. திரையில் பார்த்த அதே குழி.

"நீ கடிகாரத்தைப் பாரு," என்றாள் என்னிடம். "நான் நெஞ்சைப் பாக்குறேன். நிமிஷம் முடிஞ்சாத்தான் நீ வாயைத் திறக்கணும்."

அவள் உதடு வேகமாக அசைந்தது. பாதி நிமிடத்தில் அசைவு நின்றது. நெஞ்சும் நின்றிருந்தது. என் கடிகாரத்தில் முள் ஒன்று, இரண்டு, மூன்று என்று நகர்ந்தது. ஏழாவது நொடியில் குழந்தை ஒரு விக்கலோடு மறுபடி தொடங்கியது. கொர்னேலியாவின் தொண்டையிலிருந்து ஏதோ ஒரு சத்தம் வந்தது.

நிமிடம் முடிந்தது. "எழுபத்தாறு," என்றாள் சித்தி. "நடுவுல நின்னும் எழுபத்தாறு. அறுபதைத் தாண்டவே கூடாது. ஆம்புலன்ஸைக் கூப்பிடு."

நாற்பது நிமிடம் ஆகும் என்றார்கள். ரத்தத்தில் ஆக்சிஜனை அளக்க விரலில் மாட்டும் கருவி பெரியவர்களுக்கானது, குழந்தையின் கால்விரலில் நிற்காமல் வழுக்கியது. ஆக்சிஜன் ஆம்புலன்ஸில்தான் வரும். சித்தி உப்பு நீர் விட்டுச் சளியை உறிஞ்சி எடுத்தாள். குழந்தையைச் சாய்வாகப் பிடித்துக்கொண்டு நெஞ்சிலிருந்து கண்ணை எடுக்காமல் இருந்தாள். மூச்சு நின்றால் உள்ளங்காலைச் சுண்டுவாள், முதுகைத் தேய்ப்பாள். இரண்டாவது முறை உதடு நீலமானது. மூன்றாவது முறை எவ்வளவு நேரம் என்று தெரியாது. கடிகாரத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

"கொர்னேலியா," என்றாள் சித்தி, தலை நிமிராமல். "செவ்வாய்க்கிழமையே நான் துணியைப் பிரிச்சுப் பாத்திருக்கணும். பாக்கல."

கொர்னேலியா எழுந்து சால்வையை எடுத்தாள். அக்லாயாதான் மெதுவாகச் சொன்னாள். "நாப்பது நாள் ஆகல. பாதிரியார் வந்து ஜெபம் பண்ணல. தாயும் புள்ளையும் வாசப்படி தாண்டக் கூடாது."

"நாப்பதாவது நாள் இவனுக்கு வரணும்னா இன்னைக்குத் தாண்டணும், அக்லாயா."

வாசலில் வண்டி நின்றதும் முதலில் தாண்டியது கொர்னேலியா. செருப்பில்லாமல், உறைந்த சேற்றில். அவள் பூட்ஸைத் தூக்கிக்கொண்டு அக்லாயா பின்னால் ஓடினாள். ஆக்சிஜன் முகமூடி குழந்தையின் முகம் முழுவதையும் மூடியது. கதவு சாத்திக்கொண்டது.

நாங்கள் திரும்பி வந்தபோது வகுப்பு முடிந்து திரை கறுத்திருந்தது. சித்தி வால்நட் ஓடுகளைக் கூட்டி அள்ளினாள். பிறகு ஒவ்வொரு ஓடாக அடுப்பில் போட்டாள்.

குழந்தை ஆறு நாள் மூச்சு இயந்திரத்தில் இருந்தான். போன் அடித்தால் சித்தி அதையே பார்த்துக்கொண்டு நிற்பாள், நான்தான் எடுக்க வேண்டும். நான்காவது நாள் நுரையீரலில் ஒரு பக்கம் சுருங்கிவிட்டது என்றார்கள். அன்று அவள் சாப்பிடவில்லை. நிலையத்துக்கு வந்த குழந்தைகளையெல்லாம் சட்டை கழற்றி முழு நிமிடம் எண்ணினாள். தாய்மார்கள் முணுமுணுத்தார்கள். பயிற்சித் தேர்வை எழுதச் சொன்னேன். "அந்தப் புள்ள வரட்டும்," என்றாள்.

பதினாறாவது நாள் காலையில் நிலையத்தின் கதவைத் தள்ளிக்கொண்டு அக்லாயா வந்தாள், பின்னால் கொர்னேலியா. கொர்னேலியா சித்தியின் முகத்தைப் பார்க்கவில்லை. ஆனால் வந்திருந்தாள். அக்லாயா மூட்டையை மேஜையில் வைத்து, சித்தி கேட்பதற்கு முன்பே, கம்பளியை ஒவ்வொன்றாகத் தானே பிரித்தாள். கதவு பாதி திறந்தே கிடந்தது. அதைச் சாத்த யாருக்கும் தோன்றவில்லை.

"எண்ணு," என்றாள். அக்லாயாவிடம் முன்பு இருந்த மரியாதையெல்லாம் போயிருந்தது. "முழு நிமிஷம். நானும் கூடவே எண்ணுவேன். உன்னை நம்ப முடியாது."

நான் கடிகாரத்தைப் பார்த்தேன். இரண்டு பெண்களும் குனிந்து உதட்டை அசைத்தார்கள். நெஞ்சு ஏறி இறங்கியது, குழி இல்லாமல்.

"நாப்பத்திரண்டு," என்றாள் சித்தி.

"நாப்பத்திநாலு," என்றாள் அக்லாயா.

சித்தி என்னைப் பார்த்தாள். "மறுபடி எண்ணலாம்," என்றாள். முள் பன்னிரண்டுக்கு வரும்வரை நான்கு பேரும் காத்திருந்தோம்.