ஜோடிக்கு எழுத்து தேடிய நாட்கள்

முதலில் மன்னிக்கணும். இந்தக் குரூப்பில் எல்லாருடைய பதிவையும் படித்துவிட்டு, ஒரு லைக் கூடப் போடாமல் போகிறவள் நான். நன்றாக எழுதுகிறவர்கள் இருக்கிற இடத்தில் நமக்கென்ன வேலை என்று இருந்துவிட்டேன். இன்றைக்கு ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. கடைசியில் கேட்கிறேன்.

சூடான ஜெராக்ஸ் பேப்பர் வாசனை...

அது எங்கே வந்தாலும் எனக்குத் திருப்பதிதான். டிகிரி கடைசி வருஷம். ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஒரு ரூம். ஜன்னல் நிறைய மலை. காலேஜ் விட்டதும் அங்கே உட்கார்ந்து நாங்கள் சில பேர் ஒரு ஓப்பன் சோர்ஸ் ஆப் செய்துகொண்டிருந்தோம்.

ஆப்பின் பெயர் ‘ஜோடி’. தெலுங்கில் இருப்பதைத் தமிழ் எழுத்தில் காட்டும். தமிழில் இருப்பதைத் தெலுங்கு எழுத்தில் காட்டும். மொழிபெயர்க்காது. எங்கள் பக்கம் அது தேவையும் இல்லை. ஆந்திராவில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய எங்கள் நகரியில் தமிழ் வீட்டில் பிறந்தவர்களுக்குத் தெலுங்கு காதுக்குப் புரியும், வாய்க்கு வரும். பல பேருக்குப் படிக்கத்தான் வராது.

நைனாவும், அதாவது என் அப்பாவும், அப்படித்தான். ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். போனில் தெலுங்கு மெசேஜ் வந்தால் பாசஞ்சரிடம் நீட்டுவார். “கொஞ்சம் படி சார்...” பாசஞ்சர் சத்தமாகப் படிப்பார். கரண்ட் பில்லோ, பேங்க் விஷயமோ, எங்கள் வீட்டுக் கதையை ஆட்டோ முழுக்கக் கேட்கும்.

நீட்டுவதற்கு முன்னால் நைனா ஒன்று கேட்பார். “எந்த ஊரு?”

எங்கள் பக்கம் யாரைப் பார்த்தாலும் முதல் கேள்வி அதுதான். பதிலை வைத்துத்தான் தமிழில் பேசுவதா தெலுங்கில் பேசுவதா என்று முடிவாகும்.

காலேஜில் என்னை அப்படிக் கேட்டால் “புத்தூர் பக்கம்” என்று தெலுங்கில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன். என் தெலுங்கில் தமிழ் வாடை அடிக்குது என்று ஒருமுறை வகுப்பே சிரித்திருந்தது. நகரி என்றால் தமிழ் வீடு என்று தெரிந்துவிடுமே.

லோகோ வேலை என் கிளாஸ்மேட் பிரவீணுடையது. ‘ஜோ’ என்கிற ஒரே எழுத்து, தெலுங்கில் ஒன்று, தமிழில் ஒன்று, பக்கத்தில் பக்கத்தில். கல்யாணப் பத்திரிகையில் வருகிற மாதிரி ஒரு தெலுங்கு ஃபாண்ட்டை எங்கிருந்தோ கொண்டுவந்தான். எல்லாரும் கை தட்டினோம். சீனியர் லாவண்யா அக்கா மட்டும், “டவுன்லோட் ஃப்ரீயா, லைசன்ஸ் ஃப்ரீயா?” என்றார்.

திறந்து பார்த்தால், சொந்த உபயோகத்துக்கு மட்டும். எங்கள் ஆப்பையோ யார் வேண்டுமானாலும் எடுத்து மாற்றிக்கொள்ளலாம். போச்சு.

அடுத்து ஒன்று கிடைத்தது. ஜாங்கிரி மாதிரி குண்டு குண்டான தெலுங்கு. லைசன்ஸும் சரி. ஆனால் அதில் தமிழ் கிடையாது. கம்ப்யூட்டரில் இருந்த ஏதோ ஒரு தமிழை ஒட்டினான். ஐகான் அளவுக்குச் சுருக்கியதும் தெலுங்கு நின்றது, தமிழ் கரைந்துபோனது. பெயர் ஜோடி... ஆனால் ஒருவர் மாப்பிள்ளை, இன்னொருவர் பந்தியில் தண்ணீர் ஊற்ற வந்தவர் மாதிரி.

“தமிழம் தீசேத்தாம்” என்றான் பிரவீண். தமிழை எடுத்துவிடலாம். வெள்ளிக்கிழமை ஆப் வெளியே போக வேண்டும். யாரும் மறுக்கவில்லை.

முகப்பில் தமிழ் இல்லையென்றால் நைனா அதையும் யாரிடமாவது நீட்டி, “இது இன்னா சார்?” என்று கேட்பார். அதைச் சொல்ல வாய் வரவில்லை. “நான் இன்னும் கொஞ்சம் தேடறேன்” என்று மட்டும் சொன்னேன்.

லன்ச் நேரமெல்லாம் காலேஜ் லேபில். ஒன்றில் தமிழ் அழகு, தெலுங்கு இல்லை. இன்னொன்றில் இரண்டும் உண்டு, சுருக்கினால் ஜ-வின் சுழி அடைத்துக் கரும்புள்ளி ஆகிவிடும்.

வியாழக்கிழமை கிடைத்தது.

ஒரே பெயரில் தமிழும் தெலுங்கும். ஜ-வைப் பெரிதாக்கினேன். திரை முழுக்க ஒரே ஒரு வளைவு தெரிகிற வரைக்கும். கோடு திரும்புகிற இடத்தில் துளி மெலிகிறது. தெலுங்கு எழுத்தைப் பெரிதாக்கினேன். அங்கேயும் திருப்பத்தில் அதே மெலிவு... மலைக்கு நடந்து ஏறும்போது முதல்முறை திரும்பி ஊரைப் பார்த்தால் பேச்சு நின்றுபோகுமே, அப்படி உட்கார்ந்திருந்தேன்.

எழுத்தை ஒரு ஆள் வரைகிறார் என்று எனக்கு அதுவரை தோன்றியதே இல்லை. வெயில் மாதிரி, அது பாட்டுக்கு இருக்கிறது என்று நினைத்திருந்தேன்.

லைசன்ஸைத் திறந்தேன். பயன்படுத்தலாம், மாற்றலாம், பிறருக்குக் கொடுக்கலாம். எழுத்தை மட்டும் தனியாக விற்கக் கூடாது. இத்தனை வளைவையும் வரைந்துவிட்டு, யாரென்றே தெரியாத எனக்கு, “எடுத்துக்கோ” என்று...

மறுநாள் ரூமில் பிரவீண் சிரித்தான். “தமிழ் தமிழ்னு ஏன் இப்படி அடம்? உண்மையிலே மீதி ஏ ஊரு?” உன் ஊர் எது என்கிறான்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

“நகரி. எங்க வீட்ல தமிழ்தான். எங்க நைனாவுக்குத் தெலுங்கு படிக்க வராது. அவருக்குத்தான் இந்த ஆப்.”

சொல்லிவிட்டுப் போனை நீட்டினேன். ஐகானில் இரண்டு ‘ஜோ’வும் நின்றன.

பிரவீண் வாங்கிக் கையை நீட்டித் தூரத்தில் வைத்துப் பார்த்தான். கண்ணைச் சுருக்கிப் பார்த்தான். “அக்கா செல்லெள்ளு” என்றான். அக்கா தங்கச்சி. அப்புறம், “இத்தனை நாள் புத்தூர்னு கதை விட்டியே!” லாவண்யா அக்கா அவன் தலையில் தட்டினார்.

இப்போது ஸ்ரீசிட்டியில் வேலை. யாரும் கேட்பதற்கு முன்னாலேயே நகரி என்று சொல்லிவிடுகிறேன். ஒரு தட்டு தட்டினால் நூறு ஃபாண்ட் வந்து நிற்கிறது. ஒன்றைக்கூட அன்றைக்குப் பார்த்த மாதிரி பார்க்க நேரம் வருவதில்லை. நைனா மட்டும் ஆட்டோவை ஓரம் நிறுத்தி, அந்த ஐகானைத் தொட்டு, உதடு அசைய அசைய அவரே படிக்கிறார். எங்கள் வீட்டுக் கதை இப்போது ஆட்டோவில் யாருக்கும் தெரியாது.

போன வாரம் ஐகானைக் காட்டிக் கேட்டார். “இன்னாமே, இந்த எழுத்து போட்டவரு எந்த ஊரு?”

எனக்குத் தெரியவில்லை. ஃபாண்ட்டோடு வந்த ஃபைலில் ஒரு பெயரும் மெயில் ஐடியும் இருந்தது. நன்றி சொல்லி எழுதினேன். மெயில் திரும்பி வந்துவிட்டது.

இங்கே எழுத்து வரைகிறவர்கள் பல பேர் இருக்கிறீர்கள். ஃபாண்ட்டின் பெயரைக் கமெண்டில் போடுகிறேன். வரைந்தவரைத் தெரிந்தவர்கள் இருந்தால், இந்தப் பதிவை அவருக்கு அனுப்புங்கள். ஒன்றே ஒன்று கேட்டுச் சொல்லுங்கள், நைனா காத்துக்கினு இருக்கிறார்.

எந்த ஊர்?