அம்புலன்சில் ஒரு மடக்கு இருக்கை

அம்புலன்சுக்குள்ளே, நோயாளியின் கட்டிலுக்குப் பக்கத்தில், கூட வருபவருக்கென்று ஒரேயொரு மடக்கு இருக்கைதான் இருந்தது. மாமியும் நானும் சண்டை பிடித்தது அதற்காகத்தான்.

என் கணவருக்கு மீன்பிடித்துவிட்டுக் கடலால் வந்து கரையில் கால் வைத்ததும் நெஞ்சுக்குத்து. முல்லைத்தீவு ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு உடனே வவுனியாவுக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள்.

"ஒராள்தான் கூடப் போகலாம்" என்றார் தாதி.

"பெத்தனான், நான்தான் போவன்" என்றார் மாமி.

கலியாணமாகிப் பதினொரு வருடமாக என் கணவர் மாமியின் கையால்தான் தேத்தண்ணி குடிப்பார். நான் ஊற்றி வைத்தது ஆறிக் கிடக்கும். எனக்கு வயிறு எரியும்.

மாமி பஸ்ஸில் இடம் பிடித்துப் பழகியவர். இருக்கையை விரித்துத் தன் பையை வைத்துவிட்டு, வார்டில் விட்ட செபமாலையை எடுக்க ஓடினார். பையில் என்ன பாரம்? அவருக்கு உடுக்க இரண்டு சாரம், துடைக்க ஒரு துவாய். இருக்கை டப்பென்று மடிந்து சுவரோடு ஒட்ட, பை கீழே விழுந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. ஓம், அந்த நேரத்திலும்தான். ஏறி, இருக்கையை இழுத்து விரித்து, அதில் இருந்துகொண்டேன்.

"எடியே, நான் பை வைச்சனான்!"

"பை கீழ கிடக்குது மாமி. நீங்கள் பஸ்ஸில வாங்கோ."

"பிள்ளை, உன்ர காலைப் பிடிக்கிறன். இறங்கு."

அந்தச் சொல்லைக் கேட்க எத்தனை வருடம் காத்திருந்தேன்! நான் அசையவில்லை. எழும்பினால் இருக்கை மடிந்துவிடும், மாமி ஏறிவிடுவார். கதவைச் சாத்தினார்கள்.

மாங்குளம் தாண்டியதும் அவர் கண் திறந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை, கதவைத்தான் பார்த்தார்.

"அம்மா எங்கை?"

"பின்னால வாறா."

"கூப்பிடு."

"நான் இருக்கிறன்தானே?"

பிடித்திருந்த என் கையை விட்டுவிட்டார். சாகப்போகிற மனிசனோடு கோபித்துக்கொண்டு நான் யன்னல் பக்கம் திரும்பினேன். கனகராயன்குளம் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

மாமி வவுனியாவுக்கு வந்து சேரப் பின்னேரமாகிவிட்டது. கையில் செபமாலை. என்னைத் திட்டுவார் என்றுதான் நினைத்தேன்.

"பிள்ளை, அவன் என்னைக் கேட்டவனோ?"

"இல்லை மாமி. ஒருக்காலும் கேக்கேல்லை."

இப்போதும் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். தேத்தண்ணியைக் கையில் தந்துவிட்டு மாமி அதையே திரும்பவும் கேட்பார். நானும் அதையேதான் சொல்கிறேன்.