சிவப்பு பிளாஸ்டிக்கின் மேல் வெள்ளை

சவூதியில், ஜுபைலில் ஐந்து வருஷம் பெயிண்டராக இருந்தேன். தொண்ணூறுகளின் நடுவில். பிளாண்டில் பைப்புக்கும் டேங்குக்கும் பெயிண்ட் அடிக்கிற வேலை.

அப்பா இறந்தபோது லீவு கிடைக்கவில்லை. அடக்கம் நான் இல்லாமலே நடந்தது. வருஷ நினைவுப் பூசைக்காவது போய் நிற்க வேண்டும் என்று லீவு பாரம் கொடுத்தேன். அது எஞ்சினியர் மேசையில் கிடந்தது. மெட்ராஸ்காரர். படித்தவர். படிப்பைத் தவிர அவரிடம் வேறொன்றும் இல்லை.

அவருக்கு மேலே இருந்த வெள்ளைக்கார மேனேஜர் வேலை முடிந்து ஊருக்குப் போகிறார். அவருக்குக் கொடுக்க விமான மாடல் ஒன்று வாங்கிவந்தார் எஞ்சினியர். துண்டு துண்டாக இருக்கும். ஒட்டிப் பெயிண்ட் அடிக்க வேண்டும். ஒட்டியது அவர். பசை ஒழுகியிருந்தது. பிளாஸ்டிக் முழுக்க நல்ல சிவப்பு. அவருக்கு வேண்டியது வெள்ளை விமானம்.

"இதை முடிச்சுக் கொடு. உன் லீவுல கையெழுத்துப் போடுறேன்."

"சார், செவப்பு மேல நேரா வெள்ளை அடிச்சா சாயம் ஏறி வரும். நடுவுல ஒரு சில்வர் அடிக்கணும்."

பழைய சிவப்புப் பைப்பில் இதைப் பத்துத் தடவை பார்த்தவன் நான்.

"வெள்ளைக்கு அடியில சில்வரா? எந்த ஊரு வேலைப்பா இது? மூணு கோட் வெள்ளை போடு. ஸ்பெக்ல அப்படித்தான இருக்கு?"

ஸ்பெக் என்பது பிளாண்டு இரும்புக்கு எழுதிய விதி. இத்தனை கோட், இத்தனை கனம் என்று இருக்கும். வெறும் இரும்பில் ஊறி வரச் சாயம் கிடையாது. அதுகூட அவருக்குத் தோன்றவில்லை.

மூன்று கோட் அடித்தேன். ரோஸ். "இன்னொண்ணு போடு" என்றார். நாலு. ரோஸ். ஐந்து. அப்போதும் ரோஸ்தான். ஜன்னல் கோடெல்லாம் பெயிண்டில் மூடிப்போய் விமானம் சோப்புக்கட்டி மாதிரி ஆகிவிட்டது. ஸ்டோர் பாகிஸ்தானி எட்டிப் பார்த்து, "பாய், யார் கல்யாணத்துக்கு?" என்று இந்தியில் கேட்டான். நான் சிரித்துவிட்டேன். எஞ்சினியர் சிரிக்கவில்லை.

"கெடுத்துட்டியே. உன்னைப் போய் நம்பினேன் பாரு."

லீவு பாரத்தை எடுத்து டிராயருக்குள் போட்டார். பூசைக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது.

மறுநாள் இன்னொரு மாடல் வாங்கிவந்தார். அதுவும் சிவப்பு. வேறு நிறம் இருக்கிறதா என்று கடையில் கேட்டிருக்கவே மாட்டார்.

இந்தத் தடவை நான் அவரிடம் எதுவும் பேசவில்லை. ரூமுக்குக் கொண்டுபோய் நானே ஒட்டினேன். சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைத்தேன். வெள்ளிக்கிழமை கேம்ப் பஸ்ஸில் டவுனுக்குப் போய், மாடல் விற்கிற கடையில் சின்ன டப்பா சில்வர் வாங்கினேன். மெல்லிசாக ஒரு கோட். பெயிண்டில் கலக்கிற தின்னர் கூடினால் பிளாஸ்டிக்கைக் கரைத்துச் சாயத்தை இழுத்துவிடும். சில்வர் ஈரமாக இருக்கும்போது வெள்ளை போட்டாலும் அதே கதிதான். இரண்டு நாள் தொடவில்லை. பிறகு வெள்ளை, மெல்லிசாக இரண்டு கோட். வெள்ளையாகவே நின்றது.

கொண்டுபோய் வைத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பாத்தியா? நான் சொன்ன மாதிரி கோட் கரெக்டா போட்டா வருது. அன்னைக்கு உன் கைதான் சரியில்ல."

இந்த ஆளிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது.

"பாரம், சார்" என்றேன்.

போட்டார். அவர் பேனாவை மூடுமுன் பாரத்தை இழுத்துக்கொண்டேன்.

மேனேஜரிடம் கொடுக்கும்போது என்ன பீற்றிக்கொண்டார் என்று நான் விசாரிக்கவில்லை. பூசைக்கு முந்தின நாள் ஊர் சேர்ந்தேன்.